வாங்குகிறவர் கட்சி

மீன் சந்தையில்தான் அவர் எனக்கு அறிமுகமானார். முகம் பிறகு, குரல்தான் முதலில். ஒரு விளமீனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விற்கிற அம்மாள் சொன்ன விலைக்குத் தலையாட்டப் போன நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"தம்பி, அதக் கீழ வைங்க. அது நேத்தைய மீனு."

திரும்பினேன். குட்டையான, கனத்த உருவம். கழுத்தில் ஜெபமாலை, கையில் வயர் கூடை, மூக்கு நுனியில் கண்ணாடி. முன்பின் தெரியாத பெண்மணி. மீன்கார அம்மாள் கத்தியைப் பலகையில் ஓங்கி வைத்தார்.

"வந்துட்டா பாரு! ஏளா, ஒனக்கு வேற சோலியே இல்லியா? ஒன் மீன வாங்கிட்டு ஒன் வழியப் பாத்துப் போயேன்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் கையிலிருந்த மீனின் செவுளை விரலால் நெம்பிக் காட்டி, "பாத்தியளா?" என்றார். பார்த்தேன். செவுள் செக்கச் செவேலென்று இருந்தது. ஆனாலும் அந்தப் 'பாத்தியளா'வில் இருந்த அதிகாரத்துக்குப் பயந்து, "ஆமாக்கா" என்று மீனைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதே மீனைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அது அன்று காலையில் கரையேறிய மீன் என்று மறுநாள் என்னிடம் அடித்துச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த அக்கா சொல்வது எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பாதி நேரம் தப்புதான். ஆனால் அவர் யார் பக்கம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவர் கணக்கில் உலகத்தில் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் என்று இரண்டே கட்சி. "நான் வாங்குதவங்க கட்சி" என்று அவரே சொல்லுவார். வாங்குகிறவர் யார், எந்த ஊர், எதை வாங்குகிறார் என்பதெல்லாம் தேவையில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ பர்ஸைத் திறந்தால் போதும், இவர் அங்கே ஆஜர்.

ஜவுளிக் கடைக்குள் அவர் நுழைந்தால் முதலாளி ஒரு பையனை விட்டுக் காபி வரவழைத்து அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார். இல்லாவிட்டால் பக்கத்தில் சேலை பார்க்கிற கல்யாணப் பெண்ணிடம், "ரெண்டு தடவ நனைச்சா வெளுத்துரும் மக்கா" என்று சொல்லிவிடுவார். முந்திரி மக்ரூன் விற்கிற பேக்கரி அண்ணாச்சி அவரைக் கண்டதும் கல்லாவை விட்டு இறங்கி வந்து, வேண்டியதைக் கையோடு கட்டிக் கொடுத்து, தெரு முனை வரை கூடவே நடந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புவார். பார்க்கிறவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பது கேக் விஷயம். மாதா கோயில் திருவிழாவில் பெண்கள் பலகாரக் கடை போட்டார்கள். இவர் கேக் நன்றாகச் செய்வார். அதனால் அவர் செய்த கேக்கை அவரையே விற்கச் சொல்லி மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் வந்த பெண் கேக்கைக் கையில் எடுத்தவுடனே இவருக்குப் பொறுக்கவில்லை. "நான் செஞ்சதுதான். சொல்லுதேன்னு நெனைக்காதிய, அடியில லேசாக் கருகிட்டு. சீனியும் கூடிப்போச்சு. அந்தா அந்தப் பிள்ளை முறுக்கு வச்சிருக்கு பாருங்க, அத வாங்குங்க." அன்று சாயங்காலம் வரை ஒரு கேக்கும் போகவில்லை. முறுக்கு தீர்ந்துபோனது.

இப்படிப்பட்டவர் வேறு என்ன தொழிலுக்குப் போக முடியும்? வீடு வாங்கிக் கொடுக்கிற தொழிலுக்கு வந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் தவறிய பிறகு, தெரிந்தவர்கள் வீடு பார்க்கப் போகும்போது இவரையும் கூட்டிப்போகப் பழகி, அது அப்படியே தொழிலாகிவிட்டது. மற்ற புரோக்கர்கள் விற்கிறவரிடமும் வாங்குவார்கள், வாங்குகிறவரிடமும் வாங்குவார்கள். இவர் வாங்குகிறவரிடம் மட்டும். விற்கிறவர் வீட்டில் காபி கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார்.

எனக்கு அவர் தேவைப்பட்டது நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது. "ஆனி மாசம் மாப்பிள்ளையும் பொண்ணும் இங்கதான் இருக்கப்போறாங்க" என்று வீட்டுக்காரர் நிச்சயதார்த்த இனிப்போடு வந்து பல்லைக் காட்டினார். இன்னொரு வாடகை வீட்டுக்குச் சாமான் தூக்க எனக்கும் என் மனைவி செல்விக்கும் தெம்பில்லை. சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தால் ஒரு வீடு வாங்கலாம். ஒன்றுதான். தப்பாக வாங்கினால் ஆயுசுக்கும் அந்தத் தப்புக்குள்தான் குடியிருக்க வேண்டும்.

நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். வெளியூர்க்காரர்களின் சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் போட்டுப் பெட்டியை வெளியே எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஏஜென்டாகவே இருந்து தலை நரைத்த எனக்கு இன்னொரு ஏஜென்டா என்று, வீடு பார்க்க நானே கிளம்பினேன். ஒரு புரோக்கர், "கடல் பாத்த வீடு அண்ணாச்சி" என்று கூட்டிப்போனார். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கடல் எங்கே என்றேன். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறச் சொன்னார். ஏறினேன். தூரத்தில் கோடு போல ஒரு நீலம் தெரிந்தது. நான் இருக்கிறேனே, எனக்கு எதைப் பார்த்தாலும் உடனே பிடித்துவிடும். "அடடா! செல்வி, மேல வந்து பாரேன்!" என்று தொட்டி மேல் நின்றபடி கத்தினேன். கீழே புரோக்கர் ஒதுங்கிப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். நான் இறங்கி வருவதற்குள் விலை ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செல்வி ஆரம்பித்தாள்.

"நமக்குன்னு ஒரு ஆள் வைக்கணும்."

"எதுக்கு? நானே ஒரு ஏஜென்ட்டு."

"கோயம்புத்தூர்க்காரரு பெட்டிய எடுக்க ஒங்களத் தேடி எதுக்கு வாராரு? அவருக்குத் துறைமுகத்துக்கு வழி தெரியாதா?"

"அது வேற. அங்கன எதைப் பேசணும், எங்க வாய மூடணும்னு தெரியணும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒங்களுக்கு வாய மூடத் தெரியல. வீட்டப் பாத்ததும் ஈன்னு இளிக்கிய."

செல்வி சொல்லி அனுப்பியதில், மறுநாள் மீன் சந்தை அக்கா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அன்னைக்கு நேத்தைய மீன வாங்கப் போனவருதானே" என்றார். நான் அந்த மீனின் உண்மையைச் சொல்லவில்லை.

அவர் வீடு பார்க்கிற விதம் இப்படி. வயர் கூடையில் ஒரு சின்னப் பாத்திரம், தேயிலைத் தூள், சீனி, பால் பாக்கெட். போனவுடன் நேரே குசினிக்குப் போய், அவர் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்லுவார், அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே தேநீர் போட்டு எங்களுக்குக் கொடுப்பார். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். ஒரு வாய் வைத்ததும் முகம் கோணும். "உப்பு" என்பேன். முதல் சோதனை முடிந்தது. அதன் பிறகு வீட்டுக்காரர்களிடம், "கொஞ்சம் வெளிய இருங்க, புருசன் பொஞ்சாதி தனியாப் பேசணும்" என்று அவர்களை வெளியே அனுப்பிவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார்.

"ம். இப்ப ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நான் அடுத்த வீட்டு வாசல்ல நிக்கேன்."

முதல் வீட்டில் இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சண்டையாக்கா?"

"ஆமா. வீடு பாக்க வரும்போது எல்லாரும் சிரிச்ச மூஞ்சியோட வாரிய. குடி வந்த மாசமே சண்டை வருமா வராதா? அப்ப பக்கத்து வீட்டுக்காரி கேட்டுட்டு மறுநாள் ஒங்க மூஞ்சியப் பாத்துச் சிரிப்பா. வாங்கினதுக்குப் பொறவு தெரிஞ்சு என்ன செய்ய? போடுங்க, போடுங்க. சும்மா முனங்காம நெசமாப் போடணும்."

சொன்னால் சண்டை வருமா? "சாம்பார்ல உப்பு கூடிட்டு" என்றேன் நான், நாடகத்தில் வசனம் மறந்தவன் மாதிரி. செல்விக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க எங்க அண்ணன் கல்யாணத்துக்கு லேட்டா வந்தவருதானே" என்றாள். அவளும் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று ரயில் தாமதம் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அதைச் சொன்னேன். அவள் அதற்கு ஒன்று சொன்னாள். நான் என் தங்கைக்குச் செய்யாத சீரை இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டிக்கொண்டு அக்கா வந்தார்.

"போதும், போதும். பக்கத்து வீட்டுல தாளிக்கிறத நிறுத்திட்டு நிக்கா. வாங்க, இந்த வீடு வேண்டாம்."

ஸ்கூட்டரில் திரும்பும்போது செல்வி என் தோளைப் பிடிக்காமல் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் அது முதல் வாரம்தான். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டதில், கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த குறைகளெல்லாம் மளமளவென்று தீர்ந்துவிட்டன. கடைசியில் போட ஒன்றும் இல்லாமல், எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று பிரித்துக்கொண்டு அரசியல் பேசிச் சமாளித்தோம். அத்தனை சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. கோடை காலத்துச் சர்பத் கடையில் ஒரே கிளாஸில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற அளவுக்குப் போய்விட்டோம்.

வீடுதான் அமையவில்லை. எதைக் காட்டினாலும் அக்கா வேண்டாம் என்றார். தண்ணீர் சரியென்றால் சுவர் சரியில்லை, சுவர் சரியென்றால் பத்திரம் சரியில்லை. எல்லாம் சரியாக இருந்த ஒரு வீட்டில், "மாடிப்படி என்னையப் பாத்து மொறைக்கி" என்றார். கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. "இந்தக்காவுக்கு எந்த வீடுதான் பிடிக்கும்?" என்று செல்வியிடம் சீறினேன்.

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது. உடன்குடியிலிருந்து வந்த கருப்பட்டியில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வரலாம் என்று செல்வி அவர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"ஏங்க, நம்ம வீடு அங்க இருக்கு."

"எங்க?"

"அக்கா வீடுதான். நீளமா ஒரு கூடம். பின்னால குசினி, குசினி ஜன்னலுக்கு வெளிய ஒரு முருங்கை. உள்ள கால வச்சதும் எனக்கு அப்படியே தரையில உக்காரணும்னு இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

"அது அவங்க வீடுல்லா?"

"விக்கப் போறாங்களாம்! மதுரையில மக வீட்டுக்குப் போறாங்க. அவங்க கூடப் பொறந்த தம்பிக்கும் அதுல பங்கு இருக்காம். கப்பல்ல வேலை பாக்காராம். விக்கணும்னு எழுந்திரிச்சா உக்காந்தா சொல்லுதாராம்."

இத்தனை மாதம் ஊரெல்லாம் எங்களைச் சண்டை போட வைத்தவர், விற்க வேண்டிய வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. அப்போதே போய்க் கேட்டோம். அவர் முகம் வாடிவிட்டது.

"எப்படிச் சொல்லுவேன் தம்பி? என் வீட்ட நானே ஒங்களுக்குக் காட்டுனா, நான் எந்தக் கட்சி? அப்படி வேணும்னா நீங்க வேற ஆள் வச்சுக்கிடுங்க. நான் ஒதுங்கிக்கிடுதேன்."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. அவர் தம்பி சொன்ன விலை எங்கள் கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இறக்கினால்தான் வீடு, இல்லாவிட்டால் இல்லை. பேச ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஆனால் வீட்டுக்காரியையே அந்த வீட்டை வாங்க ஆளாக வைக்கிறவன் உலகத்தில் உண்டா? ஆபீஸில் சொன்னேன். "அப்போ கஸ்டம்ஸ் ஆபீசரையே நமக்குக் கிளியரிங் பாக்கச் சொல்லலாமே" என்று சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"தன் வீட்ட யாராவது தானே கொறை சொல்லுவாங்களா செல்வி?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமல், "கேக்குக்குச் சொன்னாங்கல்லா?" என்றாள்.

அன்றே அக்காவிடம் போய், "நீங்கதான்க்கா எங்க ஆளு" என்றோம். அவர் அதோடு ஒத்துக்கொள்ளவில்லை. மாதா கோயிலுக்குப் போய், இது தப்பாகுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டு வந்தார். "சாமி என்னக்கா சொன்னாரு?" என்றேன். "சொல்லுததுக்கு எங்க? சிரிச்சு முடிக்கட்டும்னு பாத்தேன், முடிக்கல. வந்துட்டேன்" என்றார். பிறகு கறாராகச் சொன்னார்: "எந்தம்பி லீவுல வாரான். அவன் விக்கிறவன். நான் ஒங்க ஆளு. பேச்சு மாறக் கூடாது."

தம்பி வந்தார். பாய்மரம் போல ஆகிருதி, குழந்தை முகம். மாலையில் வந்து பார்க்கச் சொன்னாராம். மற்ற வீடுகளை எந்த நேரத்தில் வேண்டுமானாலும் காட்டிய அக்கா, இதற்கு மட்டும், "காலையிலதான். அவங்க சவுரியம்தான் முக்கியம்" என்று ஒரே பிடியாக நின்றார். எங்களை யாருமே கேட்கவில்லை.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அவர் தன் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, தெரு முனையில் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்களோடு சேர்ந்து நடந்து வந்தார். தன் வீட்டு மணியைத் தானே அடித்தார். தம்பி கதவைத் திறந்து, "என்னக்கா இது?" என்றார்.

"வீடு பாக்க வந்திருக்கோம்."

"உள்ள வா, காபி போடுதேன்."

"விக்கிற எடத்துல நான் காபி குடிக்கிறதில்ல."

உள்ளே போனதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அன்றுதான் முதலில் பார்க்கிறவர் போல வீட்டைச் சுற்றி வந்தார். தன் குசினியில் தன் வயர் கூடையைத் திறந்து தேநீர் போட்டுக் கொடுத்தார். "சுமார்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். சுவரைத் தட்டினார்.

"ஓதம் ஏறியிருக்கு."

"அக்கா, அது நீ தெனமும் தண்ணிக் குடம் வைக்கிற எடம்."

"யாரு வச்சா என்ன? ஓதம் ஓதம்தான். அலமாரிக் கதவு சரியா மூடாது. கக்கூஸ் தாழ்ப்பாள் ஒரு மாதிரித் தூக்கித் தள்ளுனாத்தான் விழும்."

"அக்கா, நீ யாரு பக்கம்?"

"தெரியாத மாதிரி கேக்காதலே. வா வெளிய. அவங்க ரெண்டு பேரும் தனியாப் பேசணும்."

கதவு சாத்தப்பட்டது. சண்டை போட வேண்டிய நேரம். எங்களிடம்தான் சரக்கே இல்லையே. செல்வி அந்தக் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. "ரொம்ப ஆசை வைக்காத. அந்த வெலைக்கு நம்மால முடியாது" என்றேன். அவ்வளவுதான்.

"முடியாதுன்னா என்னத்துக்குக் கூட்டிட்டு வந்திய? இத்தனை வீட்டுல எதையாவது நான் வேணும்னு கேட்டேனா? இது ஒண்ணத்தான் கேட்டேன். எனக்கு இந்த வீடு வேணும்!"

"எனக்கு மட்டும் வேண்டாமா? எனக்கும் இதாம்ளா வேணும்! காசு வேண்டாமா?"

"அப்போ என் வளையல வைங்க!"

"ஒன் வளையல வச்சு எனக்கு ஒரு வீடா?"

நிஜமான சண்டை. செல்வி அழுதுவிட்டாள். அப்போது வெளியே தம்பி வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இருவரும் திகைத்துப்போய்க் கதவைத் திறந்தோம்.

தெருவில், எதிர்வீட்டு வாசலில் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தம்பி. அந்த வீட்டு ரிட்டயர்டு டீச்சரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடுத்தியளே தம்பி!" என்றார் அக்கா. "சாம்பாரு, அரசியல்னு எத்தனை இருக்கு! வீடு வேணும் வீடு வேணும்னு கத்துனது கடலு வரைக்கும் கேட்டிருக்கும். இனி நான் எப்படி வெலை பேச?"

"அதானே" என்றார் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ்வளவு பிடிச்சவங்களுக்கு வெலைய எதுக்குக் கொறைக்கணும்?"

அக்கா தம்பியையும் திறந்து கிடந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"ஏலே, இங்கன நின்னு ஒனக்கு எல்லாம் கேட்டுச்சா?"

"ஒரு வார்த்தை விடாம."

"அப்போ செவுரு சன்னம்! பெரிய கொறைலா அது! வெலையக் கொற!"

சொல்லிவிட்டு வெற்றியோடு எங்களைப் பார்த்தவர், பார்த்தபடியே நின்றுவிட்டார். வாய் மெல்லத் திறந்தது. ஊரில் உள்ள வீட்டு வாசலில் எல்லாம் நின்று ஒட்டுக் கேட்டவர், தன் வீட்டை மட்டும் வெளியே நின்று கேட்டதே இல்லை. மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்… அப்போ நானும் அவரும் போட்ட சண்டை?"

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"சேசுவே! எல்லாமா?"

"நீங்க ஈரத்துண்டுல ஆரம்பிப்பிய. அவரு, 'நான் கிரேன்லயே படுத்துக்கிடுதேன்'ம்பாரு. நீங்க, 'படுங்க, தலவாணி தாரேன்'ம்பிய. கடைசியில அவரு கோயில் பாட்டு ஒண்ணு எடுப்பாரு பாருங்க, ராகமே இல்லாம. அதக் கேட்டதும் எங்க வீட்டுல, 'சரி, சமாதானம் ஆயிட்டு'ன்னு டிவியப் போடுவோம்."

அக்கா சிரித்தார். தெருவில், எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார். மறுபடியும் கழற்றினார். நாங்கள் எல்லாருமே சிரித்தோம். வழியில் போன ஐஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

"அவரு போன பொறவு தெருவே அமைதியாப் போச்சு" என்றார் டீச்சர்.

அக்கா அந்தச் சுவரை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "கேட்டியாலே? சாட்சியும் இருக்கு. எவ்வளவு கொறைக்க, சொல்லு."

தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். "மச்சான் பாட்டுக்காகக் கொறைக்கேன் தாயே, ஆள விடு." குறைத்தார். எங்கள் கைக்கு எட்டுகிற அளவுக்கே குறைத்தார். செல்வி ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் காதில், "சிரிக்காதளா, இன்னும் பத்திரம் முடியல" என்றார்.

பத்திரப் பதிவு அன்று அவர் பட்ட பாடு பெரிது. விற்கிறவர்கள் இந்தப் பக்கம், வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் பழக்கத்தில் செல்விக்குப் பின்னால் வந்து நின்றார். தள்ளிப் போகச் சொன்னார்கள். போனார். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது மறுபடியும் எங்கள் வரிசையில் இருந்தார். "அம்மா, நீங்க விக்கிறவங்கம்மா" என்று எழுத்தர் கத்தியதும், யாரோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிட்டது. கையெழுத்துப் போடப் போகும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வில்லங்கச் சான்று எடுத்தியளா? வக்கீல்கிட்ட காட்டுனியளா? என்னைய நம்பிராதிய தம்பி. நான் விக்கிறவ."

கமிஷன் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். வீடு விற்ற பணம் கைக்கு வந்த பிறகு எங்களிடமும் வாங்கினால், இரண்டு பக்கமும் வாங்கிய பாவம் வந்து சேருமாம். ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். திறந்து பார்த்து, "கொஞ்சம் பழசு. ஒங்கள ஏமாத்திட்டான்" என்றார். அடுத்த நாள் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

ஆனி பிறக்கும் முன்பே பால் காய்ச்சிக் குடிவந்தோம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகு, மத்தியானம் தாண்டி, நான் கூடத்தில் அசந்து கிடந்தேன். "ஏங்க! ஓடி வாங்க!" என்று செல்வி குசினியிலிருந்து கத்தினாள். பாம்போ என்னவோ என்று பதறிப் போனேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். தலைமுடி பின்னால் பறந்தது.

கடல்காற்று. முருங்கையை ஆட்டிவிட்டு, ஜன்னல் வழியாக நுழைந்து, குசினியைக் கடந்து, கூடம் முழுக்க ஓடி, வாசல் கதவைப் படாரென்று அடித்துச் சாத்தியது. ஊரே புழுங்கிக் கிடக்கும் நேரத்தில் அந்த வீட்டுக்குள் மட்டும் காலண்டர் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. எந்தப் புரோக்கராக இருந்தாலும் முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்லியிருப்பான். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மதுரைக்குப் போன் போட்டேன்.

"அக்கா! ஓதம் சொன்னிய, தாழ்ப்பாள் சொன்னிய, இந்தக் காத்த மட்டும் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன் தம்பி? நான் ஒங்க ஆளுல்லா. சாயங்காலம் கூட்டிட்டுப் போயிருந்தா நீங்க ரெண்டு பேரும் ஆன்னு வாயத் தொறந்துட்டு நின்னிருப்பிய. எந்தம்பி அசைஞ்சிருப்பானா? அதான் காத்து வராத காலையிலே முடிச்சேன்."

அந்தப் பக்கம் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. அவர் குரலை இறக்கிக் கேட்டார்.

"இன்னைக்கு வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுக்கா. இப்பவும் அடிக்கி."

"நல்லாவா?"

நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். முருங்கை இலைகள் சலசலத்தன. வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தேன். செல்விதான் என் கையை இழுத்துப் போனைக் காதில் வைத்தாள். அக்கா அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேக்கு தம்பி, நல்லாக் கேக்கு. அந்த வீட்டுல எதுதான் கேக்காது?"